நினைவு பதியும்போது மூளை போடும் தாளம்: அதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல முடியுமா?

தலையில் ஒரு தொப்பி மாட்டுகிறார்கள். அதில் சின்னச் சின்ன உலோகத் தட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். நீங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு குரல் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும். ‘நான் அந்தக் கடைக்குப் போனேன்’, ‘நான் அந்தப் பொருளை வாங்கினேன்’ என்கிற மாதிரி. ஆமாம் என்றோ இல்லை என்றோ நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, வாயே திறக்க வேண்டாம். எந்த வாக்கியம் உங்கள் சொந்த அனுபவத்தைத் தட்டி எழுப்பியது, எது எழுப்பவில்லை என்பதை உங்கள் மூளை அலைகளை வைத்து ஒரு மென்பொருள் சொல்லிவிடும்.

சொல்லிவிடும் என்பது அதை உருவாக்கியவர்களின் வாதம். இந்தச் சோதனையின் பெயர் பியோஸ். மூளையின் மின் அலைவுகள் விட்டுச் செல்லும் தடத்தைப் படிப்பது என்று புரிந்துகொள்ளலாம். செய்திகளில் ‘பிரெயின் மேப்பிங்’ என்ற பெயரில் அடிபடுபவற்றில் இதுவும் ஒன்று. பெங்களூரு நிம்ஹான்ஸில் பேராசிரியராக இருந்த சி.ஆர்.முகுந்தன் உருவாக்கியது. 2008 ஜூனில் புனேவில் ஒரு செஷன்ஸ் நீதிமன்றம், தனக்கு நிச்சயமாகி முறிந்துபோன முன்னாள் காதலரை ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாக ஒரு எம்பிஏ மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஆதாரங்களில் இந்தச் சோதனையின் முடிவும் இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது.

அந்த வழக்கில் யார் சொன்னது உண்மை என்பது இங்கே நம் கேள்வி இல்லை. மூளை அலைகளைப் பார்த்து ‘இவருக்கு இந்த நினைவு இருக்கிறது’ என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு, நினைவு முதலில் எப்படிப் பதிகிறது, அதில் அலைகளுக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். அந்த அறிவியல் கடந்த இருபது வருடங்களில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. அது வளர வளர, இந்தச் சோதனை மீதான சந்தேகமும் கூடித்தான் இருக்கிறது.

அலை என்று எதைச் சொல்கிறோம்?

உங்கள் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மின்சமிக்ஞையில் பேசுகிறது. பக்கத்தில் இருக்கும் லட்சக்கணக்கான நியூரான்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால், அந்த ஏற்ற இறக்கம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே லேசாகத் தெரியும். எவ்வளவு லேசாக என்றால், ஒரு பென்சில் செல்லின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்கு போட்டால் வருகிற அளவு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் மனித மூளையில் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து வருடம் கழித்து, 1929-ல்தான் வெளியிட்டார். அவர் இந்தத் தேடலில் இறங்கியதே டெலிபதி உண்மையா என்று கண்டுபிடிக்கத்தான். மூளை அலையை வைத்து மனதைப் படித்துவிடலாம் என்ற ஆசை இஇஜி கருவி பிறந்த அன்றே அதனுடன் பிறந்துவிட்டது.

அலைகளுக்கு வேகத்தை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு விநாடிக்கு நான்கு முறைக்கும் குறைவாக ஏறி இறங்கினால் டெல்டா. 4 முதல் 8 வரை தீட்டா. 8 முதல் 13 வரை ஆல்ஃபா, கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் பளிச்சென்று தெரிவது. அதற்கு மேல் பீட்டா, 30-ஐத் தாண்டினால் காமா. ‘ஆல்ஃபா மியூசிக் கேளுங்கள், ஞாபக சக்தி கூடும்’ என்று யூடியூபில் எட்டு மணி நேர வீடியோ போடுபவர்கள் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவார்கள். ஆனால் ஒரு வேகத்துக்கு ஒரு வேலை என்று மூளை பிரித்துக் கொடுக்கவில்லை. ஒரே தீட்டா ஒரு இடத்தில் ஒரு வேலைக்கும் வேறு இடத்தில் வேறு வேலைக்கும் வருகிறது.

தலைக்கு மேல் வைத்த தொப்பியில் இதை அளப்பது, கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நின்று உள்ளே நடப்பதைக் கேட்பது மாதிரி. சிக்ஸர் போனால் தெரியும். விக்கெட் விழுந்தால் தெரியும். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாது. இந்த ஒப்புமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

27 வயதில் நின்றுபோன மனிதர்

நினைவு எங்கே பதிகிறது என்பதற்கான முதல் உறுதியான தடயம் ஒரு அறுவை சிகிச்சையில் கிடைத்தது. 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர், கடுமையான வலிப்பு நோயால் தவித்த ஹென்றி மோலைசனின் மூளையில் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார். காதுக்கு நேரே உள்ளே, மூளையின் அடியாழத்தில் கடல்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும் பகுதி அது. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் அவருக்குப் புதிதாக எதுவும் பதியவில்லை. சாப்பிட்டதும் மறந்துவிடுவார். பல வருடங்கள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னரிடம் ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார். சிறுவயது ஞாபகங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. 2008-ல் 82 வயதில் இறக்கும்வரை இதே நிலைதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாயின. புதிய அனுபவம் நினைவாகப் பதிய ஹிப்போகேம்பஸ் வேண்டும். ஆனால் பழைய நினைவு நிரந்தரமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை, காலப்போக்கில் மூளையின் மேற்புறணிக்குப் பரவிவிடுகிறது. அந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்ற கேள்வியில்தான் அலைகள் உள்ளே வருகின்றன.

நேரம் தப்பினால் நினைவு தப்பும்

ஹிப்போகேம்பஸ் அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் அதன் பேச்சை நேரடியாகக் கேட்க வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகளுக்கு, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க மூளைக்குள் மெல்லிய கம்பிகளைச் செருகி சில நாட்கள் மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் நோயாளிகள் சம்மதித்தால் நினைவுப் பரிசோதனைகளும் நடக்கும். இந்தத் துறையில் நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இவர்கள் கொடுத்தது. அதனால்தான் நீங்கள் படிக்கும் ஆய்வுகளில் ஆட்களின் எண்ணிக்கை 9, 13, 18 என்று சிறியதாகவே இருக்கும்.

2010-ல் யூலி ரூட்டிஸ்ஹவுசர் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டதுதான். நோயாளிகளுக்குப் புதிய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். பிறகு, ‘இதைப் பார்த்தீர்களா? எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள்?’ என்று கேட்டார்கள். எந்தப் படம் நன்றாக ஞாபகம் இருந்ததோ, அதை முதலில் பார்த்த நேரத்தில் ஹிப்போகேம்பஸ், அமிக்டலா பகுதிகளின் சில நியூரான்கள் தீட்டா அலையின் குறிப்பிட்ட கட்டத்தில் கச்சிதமாகச் சுட்டிருந்தன. மறந்துபோன படங்களில் அந்த ஒத்திசைவு குறைவு. நியூரான் எத்தனை முறை சுட்டது என்பதை வைத்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியவில்லை. எப்போது சுட்டது என்பதுதான் முக்கியமாக இருந்தது.

ஊஞ்சலைத் தள்ளிவிடுவதை நினைத்துப் பாருங்கள். பின்னால் வந்து திரும்பும் கணத்தில் லேசாகத் தொட்டாலே உயரப் போகும். தப்பான நேரத்தில் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஆட்டம் குறையும், கையும் வலிக்கும். எலிகளில் செய்த சோதனைகள் இதையே சொல்கின்றன. தீட்டா அலையின் உச்சியில் கொடுத்த மின்தூண்டல் நியூரான்களுக்கு இடையிலான இணைப்பைப் பலப்படுத்தியது, அதே தூண்டலை அலையின் பள்ளத்தில் கொடுத்தால் இணைப்பு பலவீனமானது.

சரி, அப்படியென்றால் தீட்டா கூடினால் நினைவு பதிகிறது என்று சூத்திரம் போட்டுவிடலாமா? முடியாது. சில ஆய்வுகளில் நன்றாகப் பதிந்த கணங்களில் தீட்டாவின் பலம் கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது. பல பதிவுகளில் ஆல்ஃபா, பீட்டா குறைவதுதான் தெளிவான அடையாளமாகத் தெரிகிறது. அளக்கும் இடம், கேட்கும் கேள்வி, ஒப்பிடும் முறை, எது மாறினாலும் விடையும் மாறுகிறது. பியோஸ் பற்றிப் பேசும்போது இது ஒரு பெரிய விஷயம். மாறாத ஒரு ‘நினைவுக் கையெழுத்து’ இருந்தால்தானே அதை ஒரு மென்பொருள் படிக்க முடியும்?

நைட் ஷிஃப்ட்

நினைவு பதிவதில் பாதி வேலைதான் பகலில் நடக்கிறது. மீதி நீங்கள் தூங்கும்போது.

ஆழ்ந்த தூக்கத்தில் மேற்புறணி முழுவதும் ஒரு மெதுவான அலை ஓடும், விநாடிக்கு ஒரு முறைக்கும் குறைவாக. அதன் ஏற்றத்தில் ‘ஸ்பிண்டில்’ என்ற துடிப்பு வந்து உட்காரும். விநாடிக்கு 12 முதல் 16 வரை துடிக்கும், ஒன்றிரண்டு விநாடி நீடிக்கும். அந்த ஸ்பிண்டிலின் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ஹிப்போகேம்பஸிலிருந்து ‘ரிப்பிள்’ என்ற அதிவேக நடுக்கம், மனிதர்களில் சுமார் 80 முதல் 120 ஹெர்ட்ஸ், பொருந்தி வரும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று தாளம். 2015-ல் பெர்ன்ஹார்ட் ஸ்டாரெசினா குழு மனித ஹிப்போகேம்பஸிலேயே இந்த அடுக்கைப் பதிவு செய்து காட்டியது.

ரிப்பிள் நேரத்தில் என்ன நடக்கிறது? 1994-ல் மேத்யூ வில்சன், புரூஸ் மெக்நாட்டன் இருவரும் எலிகளில் பார்த்தது இது: விழித்திருந்து நடமாடியபோது ஒன்றாகச் சேர்ந்து சுட்ட நியூரான்கள், பிறகு தூங்கும்போது மறுபடியும் சேர்ந்து சுட்டன. பகலில் நடந்ததை இரவில் மூளை திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. அப்படி ஓட்டும்போதுதான் மேற்புறணிக்குப் பிரதி போகிறது என்பது இந்தத் துறையின் இன்றைய புரிதல்.

இந்தத் தாளத்தை வெளியிலிருந்து தூண்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் ஜெர்மனியின் லூபெக்கில் 13 பேருக்குத் தூக்கத்தில் 0.75 ஹெர்ட்ஸ் மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது, முன்னிரவில் படித்த சொல் ஜோடிகள் காலையில் கூடுதலாக ஞாபகம் இருந்தன. பின்னால் இதைத் திரும்பச் செய்த சில ஆய்வகங்களில் அந்தப் பலன் வரவில்லை. 2023-ல் இட்ஸாக் ஃப்ரீட் குழு இன்னும் துல்லியமாக இறங்கியது. 18 வலிப்பு நோயாளிகளின் மூளைக்குள்ளேயே, ஹிப்போகேம்பஸ் பக்கத்து மெதுவலையுடன் சரியாகப் பொருந்தும் கணத்தில் முன்மூளையைத் தூண்டினார்கள். விலங்குகளையும் பிரபலங்களையும் ஜோடி சேர்த்துக் காட்டியிருந்த படங்கள் மறுநாள் காலையில் மேலும் நன்றாக ஞாபகம் வந்தன. பொருத்தம் இல்லாத நேரத்தில் தூண்டினால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மறுபடியும் அதே ஊஞ்சல் கதைதான்.

டெட்லைனுக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்து படித்துவிட்டு, மறுநாள் பிரசன்டேஷனில் எல்லாம் தலையைச் சுற்றுகிறதே என்று நினைப்பவர்களுக்கு: நீங்கள் ஒரு ஷிஃப்டை ரத்து செய்துவிட்டீர்கள்.

ஞாபகம் வருவதற்கு ஒரு விநாடி முன்

இதுவரை பதிவதைப் பார்த்தோம். திரும்ப எடுப்பது? 2019-ல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தின் ரஃபேல் மலாக் குழு, நோயாளிகளுக்குப் பிரபலங்களின் முகங்களையும் புகழ்பெற்ற இடங்களையும் காட்டி, பிறகு ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னது. அவர்கள் வாய் திறந்து சொல்வதற்கு ஒன்றிரண்டு விநாடிகளுக்கு முன், ஹிப்போகேம்பஸில் ரிப்பிள்கள் கூடின. அதே நேரத்தில் காட்சிகளைக் கையாளும் பகுதிகள், படத்தைப் பார்த்தபோது இயங்கிய மாதிரியே மறுபடி இயங்கின. தூக்கத்தில் வரும் அதே தாளம், விழிப்பில் ‘ஆங், ஞாபகம் வந்துடுச்சு’ என்பதற்கு முன்னாலும் வருகிறது.

இதைப் படித்ததும், ‘அப்போ ரிப்பிளைப் பிடித்தால் நினைவைப் பிடித்த மாதிரிதானே’ என்று தோன்றும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூளை நினைவைத் திரும்பக் கட்டுகிறது, சில செங்கல் புதிதாக வந்து சேர்ந்துவிடும். 1995-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் இருவரும், ‘சின்ன வயதில் நீங்கள் ஷாப்பிங் மாலில் தொலைந்து போனீர்கள்’ என்ற நடக்காத சம்பவத்தை, உறவினர் சொன்னதாக 24 பேரிடம் கொடுத்தார்கள். 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஞாபகம் ‘வந்தது’.

தொப்பிக்குள் எவ்வளவு தெரியும்?

இப்போது அந்த நாற்காலிக்குத் திரும்பி வருவோம்.

முதல் சிக்கல், இடம். நினைவு பதியும்போதும் திரும்ப வரும்போதும் முக்கியமான தாளங்கள் ஹிப்போகேம்பஸுக்குள் நடக்கின்றன. அதன் ரிப்பிள்கள் சாதாரணமாகத் தலைக்கு மேல் இருக்கும் தொப்பிக்கு எட்டாது. மைதானத்துக்கு வெளியே நிற்கிறீர்கள்.

இரண்டாவது, மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே சராசரிகள். ஒருவருக்கு நூறு படம் காட்டி, ஞாபகம் இருந்தவற்றின் சராசரியை மறந்தவற்றின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். ‘நான் ஆர்செனிக் வாங்கினேன்’ என்ற ஒரு வாக்கியத்துக்கு ஒரு மனிதரின் மூளை காட்டும் அசைவை எடுத்து, ‘இது அனுபவம், வெறும் தகவல் இல்லை’ என்று பிரிப்பது முற்றிலும் வேறு வேலை. அதுவும் பல நாட்கள் போலீஸ் விசாரணையில் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவரின் மூளையில்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரியது. 2010-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜெஸ்ஸி ரிஸ்மன், ஹென்றி க்ரீலி, ஆந்தனி வாக்னர் மூவரும் ஒரு ஆய்வு செய்தார்கள். அதில் பயன்படுத்தியது இஇஜி கிடையாது, அதைவிடத் துல்லியமாக இடம் காட்டும் எஃப்எம்ஆர்ஐ. ஒருவர் ஒரு முகத்தை ‘பார்த்திருக்கிறேன்’ என்று நினைக்கிறாரா என்பதை மூளைப் பதிவிலிருந்து நன்றாகவே கணிக்க முடிந்தது. அவர் அந்த முகத்தை உண்மையில் பார்த்தாரா என்பதை? ஏறக்குறைய காசைச் சுண்டிப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. நீதிமன்றத்துக்கு வேண்டியது இரண்டாவது விடை. கருவியால் எட்ட முடிந்தது முதல் விடை மட்டும்.

இதெல்லாம் இல்லை, சோதனை 90 சதவீதம் சரி என்றே பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு வழக்கில் 10 பேர் மீது சந்தேகம், அவர்களில் ஒருவர்தான் குற்றவாளி. அந்த ஒருவரைக் கருவி பெரும்பாலும் பிடித்துவிடும். மீதி 9 பேரில் 10 சதவீதம் என்றால், கிட்டத்தட்ட ஒருவர் தப்பாக மாட்டுவார். அதாவது கருவி ‘இவர்தான்’ என்று காட்டும் இருவரில் ஒருவர் நிரபராதி. 90 சதவீதம் என்று கேட்டதும் நம் மனது போடும் கணக்கு இது இல்லை. சந்தேகப் பட்டியல் நீளமாக நீளமாக நிலைமை இன்னும் மோசமாகும்.

சம்மதம் என்ற ஒரு வார்த்தை

மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, நிம்ஹான்ஸின் அப்போதைய இயக்குநர் டி.நாகராஜா தலைமையில், இந்தச் சோதனைகளை ஆராய்ந்தது. இவற்றுக்கு அறிவியல் அடிப்படை போதாது, விசாரணையிலும் நீதிமன்றத்திலும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று 2008-ல் சொன்னது. எந்த நிறுவனத்தின் முன்னாள் பேராசிரியர் சோதனையை உருவாக்கினாரோ, அதே நிறுவனத்தின் இயக்குநர் தலைமையில் இந்த முடிவு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

2010 மே 5-ம் தேதி, ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்பதிவுச் சோதனை மூன்றையும் ஒருவர் மீது அவர் விருப்பத்துக்கு எதிராக நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3)-வது பிரிவும், 21-வது பிரிவும் அதைத் தடுக்கின்றன. வாயே திறக்கவில்லையே, பிறகு எப்படி அது சாட்சியம் ஆகும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஒருவரின் மனதில் இருப்பதை வெளியே எடுப்பது கைரேகை எடுப்பது மாதிரி இல்லை என்றது நீதிமன்றம்.

ஆனால் தீர்ப்பு சோதனையையே தடை செய்யவில்லை. சம்மதித்தால் நடத்தலாம். முடிவை நேரடி ஆதாரமாக ஏற்க முடியாது, ஆனால் அதன் உதவியால் கண்டுபிடிக்கும் பொருளையோ தகவலையோ ஆதாரமாகக் கொண்டுவரலாம். அதனால் பியோஸ் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020-ல் ஹாத்ரஸ் வழக்கில் கைதான நால்வரையும் சிபிஐ குஜராத்தின் காந்திநகர் தடயவியல் ஆய்வகத்துக்குக் கூட்டிப் போய் பாலிகிராஃபுடன் பியோஸும் நடத்தியது.

போலீஸ் காவலில் இருக்கும் ஒருவரின் ‘சரி’ எவ்வளவு தூரம் சம்மதம் என்பது தனிக் கேள்வி. ‘மறைக்க எதுவும் இல்லையென்றால் ஏன் பயப்படுகிறாய்’ என்று கேட்டால், மறுப்பதே சந்தேகமாகிவிடும். அதற்காகத்தான் தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் பாலிகிராஃபுக்காக வகுத்த விதிகளை இந்தச் சோதனைகளுக்கும் கண்டிப்பாகப் பின்பற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ எப்போதாவது தேவைப்பட்டால், அந்த விதிகள் இவைதான். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பைக் கட்டாயம் தர வேண்டும். முன்வந்தால் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், உடல், மனம், சட்டம் ஆகிய மூன்று வகையிலும் என்ன விளைவு என்று போலீஸும் வழக்கறிஞரும் விளக்க வேண்டும். சம்மதத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட் முன்பு பதிவு செய்ய வேண்டும், அப்போதும் வழக்கறிஞர் கூட இருக்க வேண்டும். அங்கே சொல்வது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்துக்கு உள்ள மதிப்புதான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சோதனையை மருத்துவமனை போன்ற தனி அமைப்பு, வழக்கறிஞர் முன்னிலையில் நடத்த வேண்டும்.